கறியா, ஊறுகாயா?

சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். தீபாவளிக்கு முந்திய மாதம் முழுவதும் முறுக்கும் நெய்யும் பலகாரமும்தான் பேச்சு. ஜனவரி பிறந்துவிட்டால் பாக் குவா. "அலுவலகத்தில் ஒரு பெட்டி கொடுத்தார்கள், பிள்ளைக்குக் கொடுக்கலாமா? இறைச்சிதானே, புரதம் இருக்குமே?" என்று ஓர் அம்மா கேட்பார். "மாவுச்சத்தே இல்லாத உணவு என்று உடற்பயிற்சிக்கூடத்தில் பேக்கன் சாப்பிடச் சொல்கிறார்கள், சரியா?" என்று இளைஞர் ஒருவர் கேட்பார். "எங்கள் வீட்டில் பன்றி கிடையாது, மகளுக்குக் கோழி ஹாம்தான் வாங்குகிறோம், அது நல்லதுதானே?" என்பது மூன்றாவது கேள்வி.

மூன்றும் வேறு வேறு வீடுகளிலிருந்து வருகின்றன. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: இறைச்சி என்றால் சத்து, பதப்படுத்திய இறைச்சியும் இறைச்சிதான், ஆகவே அதுவும் சத்து.

உணவியல் ஆலோசகராக என் மேசைக்கு எதிரில் உட்காருபவர்களிடம் நான் அதிகம் பேசவேண்டியிருக்கும் நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று. பன்றி இறைச்சி சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவரவர் சமயம், வீட்டுப் பழக்கம், விருப்பம் சார்ந்தது. அதற்குள் நான் போகமாட்டேன். ஆனால் சாப்பிடாதவர்களும் இந்த வாரம் தொடர்ந்து படியுங்கள். ஏன் என்பது கோழி ஹாமைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

உப்புக்கண்டம் போட்டவர்களுக்குத் தெரியும்

ஹாம், பேக்கன், லஞ்சன் மீட், சாசேஜ், சீனர்களின் லாப் சியோங் எல்லாமே ஒரு பழைய பிரச்சினைக்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுகள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு பன்றியை அறுத்தால் அவ்வளவு இறைச்சியையும் இரண்டு நாளில் தின்று தீர்க்க முடியாது. உப்பைத் தேய்த்தால் இறைச்சியில் உள்ள நீர் வெளியேறும். நீர் குறைந்த இடத்தில் கிருமி எளிதில் வளராது. நம் ஊரில் ஆட்டிறைச்சியை உப்பும் மஞ்சளும் போட்டுக் காயவைத்து உப்புக்கண்டம் செய்ததும் இதே கணக்குத்தான். கருவாடும் அப்படித்தான்.

பன்றி இறைச்சியில் உப்போடு இன்னொரு பொருளும் சேர்ந்தது. முன்பு வெடியுப்பு; இப்போது பெரும்பாலும் சோடியம் நைட்ரைட். வேகவைத்த இறைச்சி பழுப்பாகத்தானே இருக்கவேண்டும்? ஹாம் மட்டும் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது? இறைச்சியின் நிறமியோடு நைட்ரைட் சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் அது செய்கிறது. காற்றுப் புகாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியைத் தடுக்கிறது. லத்தீனில் 'பொட்டுலுஸ்' என்றால் சாசேஜ். 1820களில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் சாசேஜ் தின்று இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த நோய்க்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். நைட்ரைட் சும்மா சேர்த்த பொருள் அல்ல என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. பதப்படுத்துவதன் நோக்கம் கெடாமல் வைத்திருப்பது, சுவையைக் கூட்டுவது. சத்தைக் கூட்டுவது அதன் வேலையாக என்றுமே இருந்ததில்லை. மாங்காயை ஊறுகாய் போடும்போது நாம் அப்படித்தானே நினைக்கிறோம்? ஊறுகாயில் மாங்காய் இருக்கிறது என்பதற்காக யாரும் அதைப் பழம் என்று கணக்குவைத்துத் தட்டு நிறையப் போட்டுக்கொள்வதில்லை.

"நல்ல புரதம்"

ஹாமிலும் பேக்கனிலும் புரதம் உண்டா? உண்டு. எவ்வளவு, எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

வறுத்த பேக்கன் ஒரு துண்டு ஏறக்குறைய 8 கிராம். அதில் கிடைக்கும் புரதம் சுமார் 3 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு முட்டைக்கு ஈடாக இரண்டு துண்டு பேக்கன் தின்னவேண்டும். முட்டையில் இயற்கையாக உள்ள சோடியம் 70 மில்லிகிராம் அளவு. பேக்கனில் அந்த இரண்டு துண்டிலேயே அதைப்போல் நான்கைந்து மடங்கு வந்துவிடும்.

லஞ்சன் மீட்டை எடுத்துக்கொள்வோம். 1937ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்பேம்தான் இந்த வகையில் உலகெங்கும் தெரிந்த பெயர். அதன் சாதாரண வகை டின்னில் ஒரு பரிமாறும் அளவு 56 கிராம், அதாவது இரண்டு மெல்லிய துண்டு. அதில் 180 கலோரி, 16 கிராம் கொழுப்பு, 7 கிராம் புரதம், 790 மில்லிகிராம் சோடியம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கலோரியில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. இதைப் புரத உணவு என்று சொல்வதைவிடக் கொஞ்சம் புரதம் கலந்த உப்புக் கொழுப்பு என்று சொல்வதுதான் பொருத்தம்.

அதே பன்றியின் கொழுப்பு நீக்கிய இறைச்சியை உப்பிடாமல் வாங்கிச் சமைத்தால்? சமைத்த 100 கிராமில் 26 கிராம் அளவுக்குப் புரதம். கொழுப்பு சில கிராம்தான். சோடியம் 60 மில்லிகிராமைச் சுற்றி. அதோடு பி1 வைட்டமின் மற்ற இறைச்சிகளைவிடப் பன்றி இறைச்சியில் அதிகம். "பன்றி இறைச்சி சத்தானது" என்ற பேச்சுக்கு ஆதாரம் இதுதான். தோட்டப்புறத்தில் மிளகும் சோம்பும் இடித்துப்போட்டு வறுவல் செய்தார்களே, அந்தப் பாட்டிமார் சமைத்தது கறி. அதன் நற்பெயரை டின்னுக்கும் பாக்கெட்டுக்கும் நாம் இலவசமாக எழுதிக்கொடுத்துவிட்டோம்.

"சோறு விஷமாம், டின் மருந்தாம்"

சென்ற ஆண்டு ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். கணவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பராமரிப்புத் துறையில் முறைமாற்றி வேலை. நீரிழிவு என்று தெரிந்ததும் யாரோ சொன்னதைக் கேட்டுச் சோற்றை அடியோடு விட்டுவிட்டார். காலையில் லஞ்சன் மீட்டும் முட்டையும். இரவு வேலை முடிந்து வந்தால் மறுபடியும் இரண்டு துண்டு லஞ்சன் மீட். அதிகம் பசித்த இரவுகளில் கூடவே உடனடி நூடல்ஸ், "பாதிப் பாக்கெட்தான் மேடம்" என்றார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அது முழுப் பாக்கெட் என்று தெரிந்தது.

"நான் சமைச்சதைத் தொடவேமாட்டேங்கிறாரு மேடம். சோறு விஷமாம், டின் மருந்தாம்" என்றார் மனைவி.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சீனி குறைஞ்சிருக்கா இல்லையா, அதைக் கேளு மேடம்கிட்ட!"

குறைந்துதான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். அவர் செய்ததில் பாதி சரி. ஆனால் அதே மாதங்களில் அவருடைய ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தது. சிறுநீரகம் களைத்துப்போவதற்கான முதல் அடையாளங்களில் அது ஒன்று. நீரிழிவு உள்ளவருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடிவாங்கும்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். காலை 790. இரவு 790. உடனடி நூடல்ஸில் பல வகைகள் ஒரு பாக்கெட்டுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். நூடல்ஸ் தின்ற நாளில் கூட்டினால் 2,580. நாள் முழுவதற்கும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 2,000 மில்லிகிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. மதிய உணவும் கிச்சாப்பும் சூப்பும் இன்னும் கணக்கில் வரவேயில்லை.

அவர் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்ன சாப்பிடுறது?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். முட்டை இருக்கட்டும். டின்னுக்குப் பதில் தவ்குவா, தெம்பே, மீன், கோழி, உப்பிடாத பன்றி, எது பிடிக்குமோ அது. சோறு பகையாளி இல்லை; அளவு குறைந்தால் போதும். மனைவியின் பருப்பும் கீரையும் திரும்பி வரட்டும். ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தாமல் எடுக்கவேண்டும்.

இது ஒருவர் கதை மட்டும் அல்ல. 2022ன் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரில் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பதப்படுத்திய இறைச்சி என்றதும் எல்லாரும் புற்றுநோயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் மேசைக்கு வருபவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆபத்து உப்பு.

"காலையில் பேக்கனும் முட்டையும் தின்றால் தெம்பு"

ஹோட்டல் காலை உணவு என்றாலே இந்த ஜோடிதான் நம் கண்முன் வருகிறது. இங்கிலாந்தில் இது பழைய வழக்கம். ஆனால் அமெரிக்கர்களின் மனத்தில் இது 'மருத்துவர் சொன்ன' உணவாகப் பதிந்ததற்கு ஒரு விளம்பரக் கதை உண்டு.

1920களில் பீச்நட் என்ற நிறுவனம் தன் பேக்கன் விற்பனையைக் கூட்ட எட்வர்டு பெர்னேஸ் என்ற விளம்பர ஆலோசகரை அமர்த்தியது. அவர் பேக்கனைப் புகழவில்லை. காலையில் இலேசாகச் சாப்பிடுவது நல்லதா, வயிறாரச் சாப்பிடுவது நல்லதா என்று ஒரு மருத்துவரைக் கேட்டார். வயிறாரச் சாப்பிடுவதே நல்லது என்று பதில் வந்தது. அந்த மருத்துவரைக் கொண்டே நாடெங்கும் 5,000 மருத்துவர்களுக்கு எழுதவைத்தார். சுமார் 4,500 பேர் ஆமாம் என்றார்கள். செய்தித்தாள்களில் அது வந்தது. கூடவே பேக்கனும் முட்டையும் அந்த வயிறார உண்ணும் உணவாக வந்தன. பெர்னேஸ் பின்னாளில் தம் வாயாலேயே சொன்ன கதை இது.

மருத்துவர்கள் சொன்னது காலையில் நன்றாகச் சாப்பிடுங்கள் என்பதைத்தான். நான்கு இட்லியும் சாம்பாரும் தின்றவரும் அந்த அறிவுரையைப் பின்பற்றியவரே.

"நாங்கள் கோழி ஹாம்தான் வாங்குகிறோம்"

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. பன்றியைத் தவிர்க்கும் வீடுகளுக்காகக் கோழி ஹாம், கோழி ஃபிராங்ஃபர்ட்டர், வான்கோழி பேக்கன் எல்லாம் பேரங்காடியில் வரிசையாக இருக்கின்றன. சமய நோக்கில் அவை வேறு பொருள். உணவுத் தொழில்நுட்ப நோக்கில் பெரும்பாலும் அதே பொருள். அரைத்த அல்லது அழுத்திய இறைச்சி, உப்பு, மாவு, நைட்ரைட், சில வகைகளில் புகைச்சுவை. கொழுப்பு பன்றி வகையைவிடக் குறைவாக இருக்கலாம். சிவப்பு இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பும் கோழியில் குறைவு. உப்பு மட்டும் அப்படியேதான் இருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்திய இறைச்சி எது என்று சொல்லும் விளக்கத்தில் கோழி வகைகளும் அடங்கும். பெரும்பாலானவை பன்றி அல்லது மாட்டிறைச்சி, ஆனால் கோழியும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே அது சொல்கிறது.

கருவாட்டுக் குழம்பு வைக்கும்போது என்ன செய்கிறோம்? கருவாட்டை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுகிறோம். அதில் உப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கோழி ஹாமைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, உப்பு போட்ட வெண்ணெய் தடவிய ரொட்டியில் வைத்து, மேலே ஒரு சீஸ் துண்டும் வைத்துப் பள்ளிப் பையில் போட்டுவிடுகிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இடைவேளை உணவு. பிள்ளையின் நாக்கு எந்த உப்புக்குப் பழகுகிறதோ அதைத்தான் வளர்ந்த பிறகும் கேட்கும்.

"நைட்ரைட் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதே"

இளம் தம்பதிகள் கேட்கும் கேள்வி இது. கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தயாராகவும் இருக்கிறார்கள். இப்படி விற்கப்படும் மேல்நாட்டுப் பேக்கன் பலவற்றில் செலரிக் கீரையின் பொடியோ சாறோ இருக்கும். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் மிகுதி. நன்மை செய்யும் கிருமிகளைக் கொண்டு அதை நைட்ரைட்டாக மாற்றிச் சேர்க்கிறார்கள். இறைச்சிக்குள் போன பிறகு அது செலரியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று நைட்ரைட்டுக்குத் தெரியாது. சிவப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் வேலை நடந்திருக்கிறது.

உண்மையிலேயே நைட்ரைட் இல்லாத ஹாமும் உண்டு. இத்தாலியின் பார்மா ஹாமுக்குப் பன்றித் தொடையும் உப்பும் காற்றும் மாதக்கணக்கான காலமும் மட்டுமே அனுமதி. பொறுமைக்கு உரிய விலையும் அதற்கு உண்டு. ஆனால் அதிலும் உப்பு உப்புதான்.

இன்னொரு வாதமும் வரும். "கீரையிலும் பீட்ரூட்டிலும் இதைவிட அதிக நைட்ரேட் இருக்கிறதாமே, அதைச் சாப்பிடுகிறோமே?" உண்மை, நம் உணவில் நைட்ரேட்டின் பெரும்பகுதி காய்கறியிலிருந்துதான் வருகிறது. ஆனால் கீரையில் அதோடு வைட்டமின் சியும் தாவரச் சத்துகளும் சேர்ந்து வருகின்றன. அவை நைட்ரைட் தீய சேர்மங்களாக மாறுவதைத் தடுக்க உதவுகின்றன. இறைச்சியில் அது புரதப் பொருள்களோடும் ஹீம் இரும்போடும் சேர்ந்திருக்கிறது. பிறகு கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்குப் போகிறது. நைட்ரோசமைன் என்ற சேர்மங்கள் உருவாக ஏற்ற இடம் அது. பேக்கனை மொறுமொறுவென்று கருகும்வரை வறுப்பதைவிட மிதமான தீயில் வாட்டுவது மேல் என்று சொல்வது இதனால்தான். வெந்நீரில் போட்டு எடுத்தால் மேலிருக்கும் உப்பும் கொழுப்பும் ஓரளவு போகும். உள்ளே ஊறியது ஊறியதுதான்.

"சிகரெட்டுக்குச் சமமாம்"

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். அங்கேயும் ஒரு தவறான நம்பிக்கை காத்திருக்கிறது.

2015 அக்டோபரில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே பல தலைப்புச் செய்திகள் பேக்கனைச் சிகரெட்டோடு சமமாக்கிவிட்டன. அந்தப் பிரிவு சொல்வது, பெருங்குடல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணம் என்பதற்கான ஆதாரம் உறுதியானது என்பதை மட்டுமே. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை. அந்த அமைப்பு அப்போது எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்களுக்குப் பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவு காரணம். புகையிலையால் நேரும் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறைய பத்து லட்சம்.

"தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 விழுக்காடு கூடும்" என்ற வரியும் பலரை மிரட்டுகிறது. நூறில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று அதற்குப் பொருள் அல்ல. பிரிட்டனில் போட்ட ஒரு கணக்கு விளங்கிக்கொள்ள உதவும். பதப்படுத்திய இறைச்சியை மிகக் குறைவாக உண்பவர்கள் 1,000 பேரில் வாழ்நாளில் சுமார் 56 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது. மிக அதிகமாக உண்பவர்களில் சுமார் 66 பேருக்கு. ஆயிரத்தில் பத்துப் பேர் கூடுதல். ஒரு மனிதனுக்கு அது சின்ன வித்தியாசம். ஒரு நாட்டுக்கு அது பெரிய எண்ணிக்கை.

அறிவியலாளர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதாகவும் நான் சொல்லமாட்டேன். 2019ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குழு, ஆதாரம் வலுவற்றது, இப்போது உண்ணும் அளவையே தொடரலாம் என்று எழுதியது. பெரிய சர்ச்சை ஆனது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் போன்ற அமைப்புகள் 'மிகக் குறைவாக, முடிந்தால் வேண்டாம்' என்ற நிலையிலிருந்து மாறவில்லை. நான் அந்தப் பக்கம்தான். காரணம் எளியது: இதை விட்டால் நீங்கள் இழக்கும் சத்து எதுவும் இல்லை. உப்பிடாத இறைச்சி, மீன், முட்டை, பருப்பு எதிலும் அதை மீட்டுவிடலாம்.

சீன அம்மாக்களிடம் கற்றுக்கொள்ளலாம்

எந்த அளவு சரி என்பதற்குப் புதிதாக விதி தேவையில்லை. இந்தப் பொருள்களைத் தலைமுறைகளாகச் செய்துவந்த சமையலறைகளைப் பார்த்தாலே போதும். மண்சட்டிச் சோற்றில் லாப் சியோங் எவ்வளவு போடுகிறார்கள்? சாய்வாக நறுக்கிய சில மெல்லிய துண்டுகள். அந்த வாசம் சட்டிச் சோறு முழுவதற்கும் போதும். இத்தாலியரும் ஹாமைக் காகிதம்போல் சீவித்தான் வைப்பார்கள். அது தட்டில் ஊறுகாயின் இடம்.

பாக் குவாவும் அப்படித்தான். ஃபுஜியான் பகுதியில் இறைச்சி அரிதாக இருந்த காலத்தில் புத்தாண்டுக்காகச் செய்த பண்டம் அது. ஆண்டுக்கு ஒருமுறை என்பது அதன் பிறவிக் குணம். சீனியும் சோயாவும் சேர்த்து மெல்லிய தகடாக உலர்த்திக் கரி அடுப்பில் வாட்டியது. ஒரு பெரிய துண்டில் 200 கலோரிக்கு மேல் இருக்கும். சைனாடவுனில் வரிசையில் நின்று வாங்கிவந்து சக ஊழியர் அன்போடு கொடுக்கிறார். நம் வீட்டு முறுக்கை அவர் வாங்கிக்கொள்வதில்லையா? நீங்கள் சாப்பிடும் வீடு என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக வெட்டி, ஆளுக்கு இரண்டு துண்டு. பெட்டியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் வைக்காதீர்கள். பள்ளி உணவுப் பெட்டியில் முட்டைக்குப் பதிலாகவும் வைக்காதீர்கள்.

எக்கனாமிக் பீஹூன் கடையில் லஞ்சன் மீட் வேண்டுமென்றால் ஒரு துண்டு, கூடவே முட்டையும் முட்டைகோஸும். குழம்பு ஊற்றவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதுவும் தினசரி அல்ல.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் அதிகம் வரும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்திடமிருந்து மலப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாகப் பெறலாம். பேக்கன் நல்லதா கெட்டதா என்று வாதிடும் நேரத்தில் வீட்டிலேயே அந்தப் பரிசோதனையை முடித்துவிடலாம். வாழ்நாள் முழுவதும் சைவமாக இருந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை பேரங்காடிக்குப் போகும்போது

2027 நடுப்பகுதியிலிருந்து உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு வரும் என்று சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஹாமும் சாசேஜும் இல்லை. ஆகவே நாமே படித்துக்கொள்ளவேண்டியதுதான்.

பாக்கெட்டைத் திருப்புங்கள். இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். முதலாவது, சோடியம் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற எண். பிரிட்டனில் இது 600 மில்லிகிராமைத் தாண்டினால் சிவப்பு அடையாளம் போடுவார்கள். மேலே சொன்ன லஞ்சன் மீட்டில் அது 1,400ஐத் தொடுகிறது. கோழி வகை எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். இரண்டாவது, உட்பொருள் பட்டியல். சோடியம் நைட்ரைட் என்றோ 250 என்ற எண்ணாகவோ இருக்கும். பட்டியலில் அதிக அளவுள்ள பொருள்தான் முதலில் வரும். இறைச்சிக்கு அடுத்தபடியாகத் தண்ணீரும் மாவும் நிற்கின்றன என்றால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். எந்தப் பாக்கெட்டில் சோடியம் எண் குறைவு என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பெரியவர்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். பிறகு வீட்டில் தட்டைப் போடும்போது அவர்களையே கேளுங்கள்: இது கறியா, ஊறுகாயா?